மார்ச் 2025-இல் மக்களவையில் தமிழ்நாட்டின் கல்வி நிதி பற்றி நடந்த வாக்குவாதத்தில் யார் பக்கம் நியாயம்?

நிதி கேட்டவர்கள் பக்கம்தான். கட்சிக்காகச் சொல்லவில்லை, என் தங்கைக்காகச் சொல்கிறேன். அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பெயர் அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பாடம் வீட்டுக்கு வரும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார். கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க இயன்முறை மருத்துவரும் வருவார். இதெல்லாம் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் நடப்பது. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு.

2024-25-க்கான அந்த ஒன்றியப் பங்கு, 2,152 கோடி ரூபாய், அந்த ஆண்டில் வரவில்லை. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பது காரணம். அது தேர்ந்தெடுத்த சில பள்ளிகளுக்காக 2022-இல் வந்த வேறொரு திட்டம். தேசிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்று அதன் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை எடுத்துவிட்டுத்தான் மாநிலம் திருப்பி அனுப்பியது.

மார்ச் 10 அன்று திமுக எம்.பி. தமிழச்சி தங்கபாண்டியன் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்பினார். ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கினீர்கள் என்றார் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான். பதிலில் 'அநாகரிகமானவர்கள்' என்ற பொருளில் ஒரு சொல் வந்தது; அமளிக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அன்று இரவு எந்தச் சேனலைப் போட்டாலும் அந்தச் சொல்லும் மும்மொழியும்தான். சிறப்பாசிரியர்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசி நான் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அமைச்சர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 2024 மார்ச்சில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் எழுதிய கடிதத்தில் கையெழுத்திட ஆர்வமாக இருக்கிறோம் என்று இருந்தது. ஆனால் குழு அமைத்து அதன் பரிந்துரையின் அடிப்படையில் கையெழுத்திடுவோம் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. சரி, மாநிலம் பேச்சு மாறியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு திட்டத்தின் கையெழுத்துக்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை எப்படி நிறுத்தலாம்? திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழுவும் 2025 மார்ச்சில், தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் மூன்றுக்கும் இப்படி நிறுத்தியது நியாயமில்லை என்று அறிக்கை கொடுத்தது. பல கட்சி உறுப்பினர்களும் உள்ள குழு அது. மே மாதம் மாநில அரசு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது.

சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் எங்கள் வீட்டுக்கு வரும் சிறப்பாசிரியர், கைக்காசில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தார். தங்கை தன் பெயரை எழுதக் கற்றது அவரிடம்தான்.