சிங்கப்பூரில் ஐந்து சென்ட்

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. இரண்டு வீடாக ஒட்டிக் கட்டிய ‘செமி-டிட்டாச்டு’ தரைவீடு ஒன்றை வாங்கி, இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறேன் என்கிறான். விடுவார்களா?
– ஒரு வாசகி, குழித்துறை

பதில்: மாடி கிடக்கட்டும் அம்மா, முதலில் வாங்க விடுவார்களா என்று பாருங்கள். அங்கே தரைவீடு, அதாவது மனையோடு சேர்ந்த வீடு, பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். நிரந்தரவாசி என்றால் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதை எளிதில் தரமாட்டார்கள். அனுமதி கையில் வரும்முன் முன்பணம் கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் சதுர மீட்டரில் பேசுவார்கள், நமக்குச் சென்ட்டில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். புதிதாக மனை பிரிப்பதென்றால் செமி-டிட்டாச்டுக்குக் குறைந்தது 200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 சென்ட். முகப்பு அகலம் 8 மீட்டராவது வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டும் ‘டெரஸ்’ வீட்டுக்கு 150, சில வகைக்கு 80. தனி பங்களா என்றால் 400, நம் கணக்கில் 10 சென்ட். கோடீசுவரர்களின் ‘குட் கிளாஸ் பங்களா’வுக்கு 1,400. அது நாடு முழுக்க 39 இடங்களில் மட்டும், அதுவும் தரைத்தளத்தையும் சேர்த்து இரண்டு மாடிதான். நம்மூரில் 34 சென்ட் விளை வைத்திருப்பவர் யாரும் தன்னைக் கோடீசுவரர் என்று சொல்லிக்கொள்வதில்லை!

மாடிக் கணக்கு நம் இஷ்டம் இல்லை. இந்தத் தெருவில் இரண்டு, அந்தத் தெருவில் மூன்று என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் வரைபடத்திலேயே குறித்து வைத்திருக்கிறது. இரண்டு மாடிப் பகுதி என்றால் கூரையை ஒட்டி ஒரு பரண் அறை எடுக்கலாம், அவ்வளவுதான்.

செமி-டிட்டாச்டில் ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு பொது. மற்றப் பக்கத்திலும் பின்னாலும் 2 மீட்டர் விட்டாக வேண்டும். தக்கலைப் பக்கம் பார்த்திருப்பீர்களே, எல்லைக் கல்லை ஒட்டியே அஸ்திவாரம் எடுப்பார்கள், சன்ஷேடு அடுத்தவன் தென்னை ஓலையில் உரசும். அப்புறம் மட்டை விழுந்தது என்று பஞ்சாயத்து. அந்த வேலை அங்கே செல்லாது.

தெருப் பெயரைச் சொல்லி, அது இரண்டு மாடிப் பகுதியா மூன்று மாடிப் பகுதியா என்று மகனை ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடம் போட ஆள் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.