அப்பாவுக்கு டேப்லட் போதுமா, கிண்டில் வேண்டுமா?

டேப்லட்டில் அரை மணி நேரம் படித்தாலே அப்பாவுக்குக் கண் எரிகிறது, நடுவில் வாட்ஸ்அப் வேறு இழுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். யோசிக்காமல் கிண்டில், அதாவது அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியை, வாங்குங்கள். அதன் மின்மை (இ-இங்க்) திரை தாளைப் போல, மேலே விழும் வெளிச்சத்திலேயே தெரியும். மொட்டைமாடி வெயிலிலும் எழுத்து பளிச்சென்று இருக்கும். சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். நான் டேப்லட்டை விட்டது, படுத்துப் படிக்கும்போது அது மூக்கில் விழுந்த அன்றைக்கு!

சரி, சிக்கல் அவர் சேர்த்துவைத்திருக்கும் ஸ்கேன் பிடிஎஃப்களில்தான். சின்னத் திரையில் அவை எறும்பு ஊர்வது போலிருக்கும். பெரிதாக்கினால் வரிக்கு வரி நகர்த்த வேண்டும். அவற்றுக்கு மட்டும் பழைய டேப்லட் இருக்கட்டும். இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிடைக்கும் இபப் (EPUB) மின்னூல் கோப்புகளை, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக நீங்களே அனுப்பிவிடலாம். எழுத்தளவை அவர் இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்வார்.