கீமோவுக்குப் பின்: காய்ச்சல் முதல் சிவப்பு சிறுநீர் வரை

அம்மாவுக்குச் சேலத்தில் கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகிறது. இப்படி ராத்திரியில் 101 டிகிரி காய்ச்சல் வந்தால், பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடிந்ததும் சேலம் பஸ் ஏறலாமா? (பென்னாகரம்)

விடியும்வரை காத்திருக்கவே கூடாது. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள்தான் பொதுவாக ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி புகுந்தால் சீழோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாரசிட்டமால் அதையும் மறைத்துவிடும்.

100.4 டிகிரியைத் தொட்டாலே 108-ஐக் கூப்பிட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "கீமோ போட்டு ஒன்பது நாள்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும், ஃபைலையும் காட்டுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்காரச் சொன்னால், தயங்காமல் எழுந்து மறுபடி சொல்லுங்கள். ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். சேலம் டாக்டருக்குப் போகிற வழியில் போன் செய்துகொள்ளலாம்.

தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வையுங்கள். அக்குளில் குறைத்துக் காட்டும். சூடாகக் காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கினாலும் உடனே கிளம்ப வேண்டியதுதான்.

குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய மறுநாள், குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது. தொண்டையும் அடைக்கிறது. (தளி)

அந்த மருந்தின் குணம் அது. குளிர் பட்டதும் நரம்பு சுண்டும். தொண்டையில் மூச்சு நிற்பதுபோலப் பயமுறுத்தினாலும், வெதுவெதுப்பாக ஏதாவது குடித்தால் பெரும்பாலும் தணியும். தணியாமல் மூச்சு இரைத்தாலோ, முகம் வீங்கினாலோ, தோல் தடித்தாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. ஏற்றிய பிறகு ஒரு வாரம் வெந்நீர்தான் புழங்க வேண்டும். தளியின் மார்கழிக் காலையில் சில்லென்ற எவர்சில்வர் குடம்கூடச் சுண்டும். கையுறை போடுங்கள், மூக்கையும் வாயையும் துண்டால் மூடுங்கள். அடுத்த டோஸ் வரை மரத்துப்போனது மாறவில்லை, சட்டைப் பித்தான் போட வரவில்லை என்றால், ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சத்து மாத்திரை அதற்கு ஈடாகாது.

வாயெல்லாம் புண். களி சாப்பிடலாமா? (அரூர்)

தாராளமாக. நன்றாக ஆறவிட்டு, புளியும் காரமும் இல்லாத பருப்புக் கடைசலோடு விழுங்குங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு, சமையல் சோடா தலா ஒரு டீஸ்பூன் கலந்து, நாளுக்கு ஐந்தாறு முறை கொப்பளியுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து வேண்டும். தண்ணீர்கூட இறங்கவில்லையென்றால் அன்றே மருத்துவமனை.

சிவப்பு மருந்து ஏற்றியபின் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. (காவேரிப்பட்டணம்)

டாக்ஸோரூபிசின் என்கிற அந்தச் சிவப்பு மருந்தின் நிறம் அது, ரத்தமல்ல. ஓரிரு நாளில் தெளியும். அதற்குப் பிறகும் சிவந்தாலோ, எரிச்சலோ ரத்தக் கட்டியோ வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.