கர்ப்பத்தில் ரத்தக்கட்டி ஊசி: வீட்டில் நானே போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. காசிமேட்டில் இருக்கிறோம். இப்போது ஐந்தாவது மாதம். போன மாதம் இடது கால் திடீரென்று வீங்கி வலித்தது. டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்கட்டி என்றார்கள். எனாக்ஸாபாரின் 60 மில்லிகிராம் ஊசி, காலை ஒன்று, இரவு ஒன்று, பிரசவம் வரை போட வேண்டுமாம். மருந்து சிரிஞ்சிலேயே நிரப்பி வருகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய்ப் போட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆள் இருப்பதில்லை. மழைக்காலம் வந்தால் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். நானே போட்டுக்கொள்ளலாமா? வயிற்றில் குத்துவதால் குழந்தைக்கு ஏதும் ஆகுமா? சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருக்கிறது, அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கிளினிக்கில் அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் போடுகிறார்கள். போட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போகிறது. நன்றாகத் தேய்த்துவிட்டால் கட்டாது என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் பலரும் இந்த ஊசியை வீட்டில் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். தினம் இரண்டு வேளை, இன்னும் பல மாதம் என்றால் அதுதான் நடைமுறைக்கும் ஒத்துவரும். ஒரே ஒரு நிபந்தனை. முதல் இரண்டு மூன்று ஊசியை உங்கள் மருத்துவர் அல்லது நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கையாலேயே போடுங்கள். அவர்கள் சரி என்றபிறகு வீட்டில் தொடங்குங்கள்.

குழந்தையைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அந்த ஊசி முனையின் நீளம் ஏறக்குறைய அரை அங்குலம்தான். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்போடு அது நின்றுவிடும். அதற்கும் கீழே தசை, அப்புறம் கர்ப்பப்பையின் சுவர், அதற்குள் பனிக்குடம். குழந்தை இருக்கும் இடத்துக்கு ஊசி போக வழியே இல்லை. மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையும் உண்டு. அது நஞ்சுக்கொடியைத் தாண்டும், முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். அதனால்தான் கர்ப்பத்தில் இந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறோம். மாத்திரைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்பவர்கள் நிறைய பேர். காரணம் இதுதான்.

இனி அந்தக் காற்றுக்குமிழி. ஊசி என்றாலே நம் எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. நர்ஸ் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, சுண்டி, ஒரு சொட்டு வெளியே பீய்ச்சுவார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்துவார். லேசாகப் பின்னால் இழுத்துப் பார்ப்பார். எடுத்தபிறகு நன்றாகத் தேய்த்துவிடுவார். பாட்டிலில் இருந்து மருந்தை எடுத்துத் தசையில் போடும் ஊசிக்கு வந்த பழக்கம் அது. உங்கள் கையில் இருக்கும் சிரிஞ்சுக்கு அதில் பாதி பொருந்தாது, சிலது கெடுதலும் செய்யும். கிளினிக்கில் தப்பு நடப்பதும், உங்கள் வயிறு கன்றுவதும் இந்தப் பழைய பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் குமிழியைத் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள். மருந்து முழுவதும் உள்ளே போனபிறகு கடைசியாக அது போகும். ஊசிக் குழாயில் தங்கியிருக்கும் மிச்ச மருந்தையும் தள்ளிவிடும். ஊசியை எடுக்கும்போது மருந்து வெளியே கசிந்து தோலைக் கன்ற வைப்பதும் இதனால் குறையும். குமிழியை வெளியேற்ற முயன்றால் கூடவே மருந்தும் கொஞ்சம் போய்விடும். தோலுக்கடியில் போகும் அத்துளிக் காற்றால் ஒரு ஆபத்தும் இல்லை, உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். காற்று இதயத்துக்குப் போய்விடும் என்ற கதையெல்லாம் ரத்தக்குழாயில் நிறையக் காற்று நுழைவதைப் பற்றியது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு 60 எழுதி, 60 சிரிஞ்சே கொடுத்திருக்கிறார்கள், அப்படியே முழுதாகப் போடலாம். வேறு யாருக்காவது 50 எழுதி, கடையில் 60 சிரிஞ்ச் கொடுத்திருந்தால், ஊசி முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, அதிகமான மருந்தை மட்டும் கோடு வரைக்கும் வெளியேற்ற வேண்டும். அதை நர்ஸிடம் கற்றுக்கொள்ளாமல் செய்யவே கூடாது. இந்த மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. கட்டி இருப்பவர்களுக்கு வழக்கமாக கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. மாதம் ஏற ஏற எடையும் ஏறும், மருத்துவர் அளவை மாற்றலாம். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

போடும் விதத்தைச் சொல்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு போட வேண்டாம். கட்டிலில் தலையணையில் சாய்ந்து, வயிறு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உட்காருங்கள். தொப்புளைச் சுற்றி மூன்று விரல் அகலத்தை, அதாவது 5 சென்டிமீட்டரை, விட்டுவிடுங்கள். அதற்கு வெளியே, வயிற்றின் இடது அல்லது வலது பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பாருங்கள். தழும்பு, ஏற்கெனவே கன்றிய இடம் இரண்டும் வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்தால் அது காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் சுரீரென்று எரியும், மருந்துதான் எரிகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மூடியைத் திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். முனையில் ஒரு சொட்டு தொங்கினால் ஊசியைக் கீழே பார்த்தபடி பிடித்து மெல்லத் தட்டிவிடுங்கள். துணியால் துடைக்கக் கூடாது. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலை மடிப்பாகப் பிடியுங்கள். இந்த மடிப்பைக் கடைசிவரை விடக்கூடாது, இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மடிப்பின் மேல் ஊசியைச் சாய்க்காமல் செங்குத்தாக, முழு நீளமும் உள்ளே போகும்படி குத்துங்கள். தயங்கித் தயங்கி மெல்ல நுழைத்தால்தான் அதிகம் வலிக்கும். பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டாம். தண்டை மெதுவாக, ஒன்று இரண்டு என்று பத்து எண்ணும் வேகத்தில் கடைசிவரை அழுத்துங்கள். ஊசியை வந்த வழியே நேராக எடுத்துவிட்டு, அப்புறம் மடிப்பை விடுங்கள்.

சில கம்பெனி சிரிஞ்சுகளில், மருந்து முழுதும் போனபிறகு தண்டை இன்னும் அழுத்தினால் ஒரு பாதுகாப்பு உறை வந்து முனையை மூடிக்கொள்ளும். உங்களுடையதில் இருந்தால், ஊசியை வயிற்றிலிருந்து எடுத்தபிறகு, யார் பக்கமும் காட்டாமல் அதைச் செய்யுங்கள். இல்லாத சிரிஞ்சாக இருந்தால் பழைய மூடியைத் திரும்பப் போட முயல வேண்டாம். விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கடைசியாக, தேய்க்காதீர்கள். மாமியார் மேல் குறை சொல்ல மாட்டேன், தசையில் போடும் ஊசிக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தோம். ஆனால் இது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தேய்த்தால் தோலுக்கடியில் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கசியும், கன்றல் பெரிதாகும். பஞ்சை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். சரியாகப் போட்டாலும் நாணய அளவுக்கு நீலம் வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். நாளுக்கு நாள் பெரிதாகிக் கல் மாதிரி இறுகும் வீக்கமாக இருந்தால் காட்ட வேண்டும்.

இடம் மாற்றுவது முக்கியம். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் காலைக்கு 'இ' (இடது பக்கம்), இரவுக்கு 'வ' (வலது பக்கம்) என்று எழுதி வைத்தால் குழப்பம் வராது. போட்டோமா இல்லையா என்ற சந்தேகமும் வராது. எட்டாம் மாதத்துக்கு மேல் வயிற்றுத் தோல் இழுத்துப் பிடித்து மடிப்பே கிடைக்காமல் போகலாம். அப்போது இன்னும் பக்கவாட்டில் போங்கள், அல்லது தொடையின் வெளிப்பக்கத்தில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிக்கான நேரம் நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. இடையில் குழப்பமாக இருந்தால் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

மருந்தை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்ம ஊரில் அதுதான் பெரிய சிக்கல். ஊசி மருந்து என்றாலே ஃபிரீசரில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. இதை உறைய வைக்கக் கூடாது, உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். அட்டையில் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 25 டிகிரிக்கு எங்கே போவது? நான் சொல்லும் வழி: ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் வாரத்துக்கு வாரம் ஏ.சி. உள்ள மருந்துக்கடையில் வாங்குங்கள். வீட்டில் வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளிய, இருப்பதிலேயே குளிர்ச்சியான இடத்தில் அட்டையோடு வையுங்கள். பரண், ஃபிரிட்ஜின் மேல்பகுதி, ஸ்கூட்டர் பெட்டி எல்லாம் கூடாது. கோடையில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாமா என்பதை உங்கள் கம்பெனி மருந்தின் அட்டையைக் காட்டி மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மட்டும் இந்த வாரக் கணக்கை மாற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னை தெருக்கள் எப்படிக் கிடந்தன என்பது உங்களுக்கே தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடியிருக்கும், கடை திறந்திருக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எப்போதும் பத்து நாள் ஊசி கையிருப்பில் இருக்கட்டும்.

போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பைக் கவரில் போடாதீர்கள். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் பயன்படுத்திய ஊசியை அபாயகரமான வீட்டுக்கழிவு என்றே வகைப்படுத்தின. நம் பகுதிக் குப்பை போய்ச் சேருவது கொடுங்கையூரில். அங்கே வெறும் கையால் குப்பை பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு முன்னால் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரும் இருக்கிறார். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், ஃபினாயில் பாட்டிலோ துணிக்குப் போடும் லிக்விட் பாட்டிலோ, திருகு மூடியோடு எடுத்து 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, செக்கப் போகும்போது மருத்துவமனையில் கேட்டு அவர்களுடைய ஊசிக்கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை சில விஷயங்களில் கவனம் வேண்டும். கை கால் வலி என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கடையில் வாங்காதீர்கள். காய்ச்சல், வலிக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினை உங்கள் மருத்துவரே எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம். யாராவது தசையில் ஊசி போட வந்தால், அது கர்ப்பகாலத் தடுப்பூசியாக இருந்தாலும், எனாக்ஸாபாரின் போடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். அவர்கள் மெல்லிய ஊசியால் போட்டு அழுத்திப் பிடிப்பார்கள். தட்டணுக்கள் குறைகிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தள்ளிப்போடாதீர்கள், அரிதாக அப்படி நடப்பதுண்டு.

பிறப்புறுப்பில் ரத்தம், கறுப்பாக மலம், சிறுநீரில் ரத்தம், பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு ரத்தம், கடுமையான தலைவலி, தலையில் அடிபடுதல் இவற்றில் எது நடந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் வந்தால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்தைப் பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது. வலி தொடங்கிய மாதிரி இருந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடாதீர்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனாலும் தனியார் மருத்துவமனைக்குப் போனாலும், உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் செய்தி கடைசி ஊசி போட்ட நேரம். உங்கள் அளவில் போடுகிறவர்களுக்கு, கடைசி ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகாமல் முதுகில் மயக்க ஊசி போட மாட்டார்கள். முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும் என்பதால்தான். அதனால் பிரசவத் தேதியைத் திட்டமிடலாமா என்று ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். காலண்டரில் எழுதும்போது மணியையும் சேர்த்து எழுதிவிட்டால், வீட்டுக்காரர் கடலில் இருந்தாலும் கூட வருகிற யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

குழந்தை பிறந்ததும் ஊசி முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் கட்டி வர வாய்ப்பு அதிகமான காலம். குறைந்தது அதுவரை மருந்து தொடரும், எப்போது மறுபடி தொடங்குவது என்பதை ரத்தப்போக்கைப் பார்த்து மருத்துவர் சொல்வார். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.