கேளுங்கள் சொல்கிறேன்: கலங்கும் அற்ககோலும் புளிக்கும் கள்ளும்

(பதில் தருபவர்: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், கல்லடி)

சேர், அற்ககோல்களை இனம்பிரிக்கிற லூக்கசு சோதனையில் புடை அற்ககோல் உடனே கலங்குகிறது, முதல் அற்ககோல் கலங்குவதேயில்லை. ட்யூசனில் கேட்டால் "பாடமாக்குங்க" என்கிறார்கள். காரணம் என்ன?
உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பாடமாக்கினது பரீட்சை மண்டபத்தில் இடம் மாறிவிடும் மகள், காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்க. செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற நாகக் (சிங்க்) குளோரைட்டைக் கரைத்தால் அதுதான் லூக்கசு சோதனைப்பொருள். அற்ககோலிலுள்ள ஐதரொட்சில் (OH) கூட்டம் தானாகக் காபனை விட்டுப் போகாது. நாகம் அதன் ஒட்சிசனைப் பிடித்த பிறகுதான் கழலும். அப்போது காபனில் நேரேற்றம் மிஞ்சும். புடை அற்ககோலில் அந்தக் காபனுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அற்கைல் கூட்டங்கள் (காபனும் ஐதரசனும் மட்டுமுள்ள துண்டுகள்) இலத்திரனைத் தள்ளிக் கொடுக்கின்றன. அந்தத் தெம்பில் காபோகற்றயன் (நேரேற்றக் காபன் அயன்) உருவாகிவிடும், குளோரைட்டு உடனே வந்து ஒட்டும். வழி அற்ககோலுக்கு அப்படி இரண்டு கூட்டம்தான், ஐந்து பத்து நிமிடமாகும். சாதாரண முதல் அற்ககோலுக்கு ஒன்றுதான், அறை வெப்பநிலையில் அசையாது.

கலங்கலாகத் தெரிவது, உண்டான அற்கைல் குளோரைட்டு கரையாமல் சிறு துளிகளாக நிற்பதுதான். ஆனபடியால் அற்ககோல் முதலில் கரைய வேண்டும். ஆறு காபனுக்கு மேற்பட்டவை கரையாமல் தொடக்கத்திலேயே கலங்கலாக இருக்கும். அதைப் பார்த்துப் "புடை" என்று எழுதி வைக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.

நம்மூர்ப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. நாகக் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கல்லடியில் போத்தலைத் திறந்து வைத்தால் கசிந்து ஒழுகிவிடும், சோதனையும் மந்தமாகும். 2-மெதைல்புரப்பேன்-2-ஓல் என்கிற புடை அற்ககோல் நம்மூரில் திரவம்தான். அதன் உருகுநிலை ஏறக்குறைய 25 பாகை செல்சியசு. குளிரான பண்டாரவளையில் படிப்பித்த காலத்தில் அதே சாமான் போத்தலுக்குள் கட்டியாக நிற்கும், வெந்நீரில் வைத்துத்தான் எடுப்போம்.

காலையில் இறக்கிய கள்ளு பொழுதுபடப் புளிக்கிறது. சாராயம் வருசக்கணக்கில் கெடுவதில்லை. ஏன் ஐயா?
வாசகர், கொக்கட்டிச்சோலை

அன்றே வரும் புளிப்பில் இலற்றிக் அமில பற்றீரியாவுக்கும் பங்குண்டு. நாள் போகப் போக வேறு பற்றீரியாக்கள் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு, கள்ளில் வெறி தருகிற எதனோலை எதனலாக்கி, அதையும் எதனொயிக் அமிலமாக்கிவிடும். நீங்கள் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி அதுதான். சாராயத்தில் மூன்றிலொரு பங்கு எதனோல், அதற்குள் அந்தப் பற்றீரியா பிழைக்காது. ஆய்வுகூடத்தில் அமிலங்கலந்த பொற்றாசியம் இருகுரோமேற்று இதே வேலையைச் செய்யும், செம்மஞ்சள் பச்சையாகும். களுவாஞ்சிக்குடி மகளும் இதைக் கவனிக்கட்டும்: புடை அற்ககோலில் ஐதரொட்சில் இருக்கிற காபனில் ஐதரசன் கிடையாது, அதனால் அங்கே நிறம் மாறாது.

கசிப்பு, அதான் கள்ளச்சாராயம், குடித்துக் கண் போனதென்கிறார்களே, உண்மையா?
பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று

உண்மைதான். பழியை எதனோல் மேல் போடாதீர்கள், குற்றவாளி கலப்படமாகச் சேர்க்கிற மெதனோல். ஈரலில் அது மெதனலாகி, பிறகு மெதனொயிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்த உடனே தெரியாது, அரை நாள் கழித்தும் அதற்குப் பிந்தியும் பார்வை மங்கலாம். "வெறி முறியட்டும்" என்று வீட்டில் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.