தூங்கும் கிரேஹவுண்டைத் தொடாதீர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற நான்கு வயது ஆண் கிரேஹவுண்ட் ஒன்றை ஒரு மீட்பு அமைப்பிடமிருந்து தற்காலிகப் பராமரிப்புக்கு எடுத்திருக்கிறோம். வந்து ஆறு நாள் ஆகிறது. சாதுவான நாய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் முந்தாநாள் படுத்திருந்தவனை எட்டு வயது மகன் கட்டிப்பிடிக்கப் போனபோது பல்லைக் காட்டி உறுமிவிட்டான். கடிக்கவில்லை. என் கணவர் அதட்டினார். அதற்குப் பிறகு மூலையிலேயே கிடக்கிறான். தெருவில் பாதி வழியில் அசையாமல் நின்றுவிடுகிறான். படி ஏற மறுக்கிறான். ஐந்து நிமிடம் தனியே விட்டால் ஊளையிடுகிறான். எங்களிடம் ஏற்கெனவே ஒன்பது வயதுப் பொமரேனியன் ஒருத்தி இருக்கிறாள். இருவரையும் இன்னும் சந்திக்க விடவில்லை. அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்து, கூடவே கருத்தடையும் செய்யப்போகிறார்கள். முன்பு அடி வாங்கிய நாயாக இருக்குமோ? திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நல்லதா? இரண்டு மாதம் கழித்து வேறு வீட்டுக்கு அனுப்பினால் மனம் உடைந்துவிடுவானா?

ம.

அன்புள்ள ம.,

திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் அவன் கெட்ட நாய் என்று காட்டவில்லை. அடிபட்டவன் என்று முடிவு கட்டவும் அதில் ஆதாரம் இல்லை. பந்தய நாய் குட்டிப் பருவம் முதல் கென்னலில், அதாவது பல நாய்களை ஒன்றாக வைத்திருக்கும் கொட்டிலில் வளர்கிறது. அங்கே மாடிப்படி இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை, தொலைக்காட்சி இல்லை, கட்டிப்பிடிக்கும் பிள்ளைகள் இல்லை. சுற்றிலும் எந்நேரமும் வேறு நாய்கள் இருக்கும். ஆனால் தூங்குகிற நாயை யாரும் வந்து தொடமாட்டார்கள். அந்த வாழ்க்கையை நன்றாகப் பழகியவன் இப்போதுதான் முதன்முதலாக ஒரு வீட்டைப் பார்க்கிறான். தற்காலிகப் பராமரிப்பாளரின் வேலை வீடு என்றால் என்ன என்று அவனுக்குக் காட்டுவதும், அவன் எப்படிப்பட்டவன் என்று கவனித்து அமைப்புக்கு உள்ளபடி சொல்வதும்தான்.

மகன் விஷயத்தை இன்றே சரிசெய்யுங்கள். கிரேஹவுண்டுகளில் பல கண்ணைத் திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்து நாம் கை வைத்தால் திடுக்கிட்டு எழும். அந்த ஒரு நொடியில் யார் எவர் என்று பார்க்காமல் உறுமும், சில நாய்கள் வாயும் வைக்கும். ஆகவே படுக்கையில் கிடக்கும் நாயை யாரும் தொடக்கூடாது, பெரியவர்களும்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தலையைத் தூக்கினால் ஒரு துண்டுத் தின்பண்டத்தை அவன் பக்கம் போடுங்கள். எழுந்து வந்தால் கொஞ்சலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். படுக்கையை யாரும் தாண்டிப் போகாத சுவரோரத்தில் போடுங்கள். சோபாவும் உங்கள் கட்டிலும் இப்போதைக்கு வேண்டாம், அங்கேதான் தெரியாமல் கை கால் படும். மகனுக்கு ஒரு சின்னப் பயிற்சி: நாய் தானாக அருகில் வந்து நிற்கும்போது மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நாய் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றால் இன்னும் தடவலாம். விலகினால் அவ்வளவுதான். கழுத்தைக் கட்டிப்பிடிப்பதும் முகத்துக்கு மேல் குனிவதும் எப்போதும் கூடாது. எட்டு வயதுப் பிள்ளையையும் நாயையும் பெரியவர் இல்லாத அறையில் விடவும் கூடாது.

உறுமியதற்காக அதட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் அன்போடு சொல்லுங்கள். உறுமல் எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கிடைத்தால் நாயின் பயம் குறையாது, எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கக்கூடும். மூலையில் கிடப்பவனைப் போய்ச் சமாதானப்படுத்தவும் வேண்டாம். உணவுக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது மயக்க மருந்து. கருத்தடையும் சேர்ந்து நடப்பதால் இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். மருத்துவர் நிறைய கிரேஹவுண்டுகளைப் பார்த்தவரா என்று கேளுங்கள். இந்த இனத்தின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சில மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியும் மந்தமாக வேலை செய்கிறது. அதனால் தயோபென்டல் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மற்ற நாய்களைவிடப் பல மணி நேரம் தாமதமாகத் தெளியும். புரோபோஃபால், அல்ஃபாக்சலோன் போன்ற வேறு மயக்க மருந்துகள் பாதுகாப்பாகப் பயன்படுகின்றன. மயக்கத்தில் உடல் சூடு சட்டென இறங்கும் என்பதால் வெப்பப் போர்வை வேண்டும்.

பலருக்குத் தெரியாதது அறுவைக்குப் பிந்தைய ரத்தக்கசிவு. மேசையில் எல்லாம் சரியாக முடிந்திருக்கும், நாய் வீட்டுக்கு வந்திருக்கும். ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கருநீலமாகப் பரவும், சில நாய்களுக்குத் தொடை வரை இறங்கும். ரத்தம் உறைவதில் குறையில்லை, உறைந்த கட்டி சீக்கிரம் கரைந்துவிடுவதுதான் காரணம். அதனால் வழக்கமான உறைதல் சோதனையில் இது தெரியாது. கருத்தடை செய்த கிரேஹவுண்டுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது. உறைந்த கட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் அல்லது அமினோகாப்ரோயிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்கிச் சில நாள் கொடுப்பதுண்டு. இதை மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் நான்கு நாள் காலையும் மாலையும் வெட்டிய இடத்தைப் பாருங்கள். ஈறின் நிறத்தையும் பாருங்கள். வெளிறியிருந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பதறவேண்டாம். கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு விகிதம் 50 முதல் 65 சதவீதம் வரை இருப்பது சகஜம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மற்ற நாய்களைவிடக் குறைவாகவும், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். தைராய்டு அளவு மிகவும் குறைவாக வரும். இதை மட்டும் பார்த்து ஆரோக்கியமான நாய்க்கு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுப்பது நடக்கிறது. தட்டணு குறைவதை இனத்தின் இயல்பு என்று அப்படியே தள்ளிவிடவும் கூடாது. எர்லிக்கியா போன்ற உண்ணிக்காய்ச்சலிலும் அது குறையும், அந்தச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பல் சுத்தமான பிறகு நாய்க்கான பற்பசையால் தினமும் துலக்க வேண்டும். மனிதர்களின் பற்பசை வேண்டவே வேண்டாம், அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

இனிப் பொமரேனியன். முயலைப் பார்த்தால் துரத்துவதற்கென்றே தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த இனம் இது. அவளும் வெள்ளையாக, சின்னதாக, துள்ளி ஓடக்கூடியவளாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான கிரேஹவுண்டுகள் சின்ன நாய்களோடு வாழக் கற்றுக்கொள்கின்றன, சில கற்றுக்கொள்வதில்லை. உங்கள் நாய் எந்த வகை என்று இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டு பேர் இரண்டு கயிறு பிடித்து, நான்கு மீட்டர் இடைவெளியில் ஒரே திசையில் நடந்துபோவதாக இருக்கட்டும். அவனுக்குக் கூடை வடிவ வாய்க்கூடு போடுங்கள். பந்தய நாய்களுக்கு அது பழகியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை கூடாது.

அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், தரையை மோந்தால், உங்கள் கையிலுள்ள தின்பண்டத்தை வாங்கிக்கொண்டால் நல்ல அறிகுறி. வாயை மூடி, காதை நிமிர்த்தி, உடம்பு விறைத்து, நடுங்கிக்கொண்டு பார்வையை எடுக்காமல் நின்றால், பெயர் சொன்னாலும் தின்பண்டம் காட்டினாலும் திரும்பவில்லை என்றால், அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு முறை பார்த்தும் அதேதான் என்றால் உடனே அமைப்புக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஒத்துப்போன பிறகும் தோட்டத்தில் இருவரையும் ஒன்றாக அவிழ்த்து விடாதீர்கள். உள்ளே அமைதியாகப் படுத்திருக்கும் அதே நாய், வெளியே அவள் ஓடிக் கீச்சிடுவதைக் கேட்டால் வேறு நாயாகிவிடும். வாய்க்கூடு போட்டிருக்கும்போது அவள் அவனைச் சீண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவனால் பதில் சொல்ல முடியாது, அவன் தோலோ மெல்லியது, சின்னப் பல் பட்டாலே கிழிந்து தையல் கேட்கும். சாப்பாடு தனித்தனி அறையில்.

தெருவில் நின்றுவிடுவது மிகப் பரவலான பழக்கம். இழுக்காதீர்கள், இழுத்தால் காலை இன்னும் ஊன்றுவான். கயிற்றைத் தளர்த்தி ஒரு நிமிடம் பக்கவாட்டில் நின்றுவிட்டு, ஒரு சின்ன வட்டம் போட்டு வேறு திசையில் நடங்கள். முதல் இரண்டு வாரம் ஒரே வழி, பதினைந்து நிமிடம் போதும். அதற்கு முன் பாதத்தைப் பாருங்கள். இந்த இனத்துக்குப் பாதத்தில் கால் ஆணி, அதாவது வலிக்கும் தோல் தடிப்பு வருவது சகஜம். புல்லில் நன்றாக நடந்து தாரிலும் சரளையிலும் மட்டும் தயங்கினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பந்தயத்தில் பெரும்பாலும் இடப்பக்கமாகத் திரும்பிச் சுற்றி ஓடுவதால் வலது பின்னங்கால் மூட்டில் பழைய எலும்பு முறிவு இருக்கவும் கூடும். எந்தக் காலிலாவது நொண்டல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புப் புற்று கிரேஹவுண்டுகளில் மற்ற இனங்களைவிட அதிகம்.

கழுத்து தலையைவிட அகலமாக இருப்பதால் சாதாரணப் பட்டை காது வழியே நழுவிவிடும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்டிங்கேல் என்ற பட்டையை, நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்தில் வாங்கிக் காதுக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள், வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். சுருண்டு நீளும் கயிறு வேண்டாம். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய நாய் கயிற்றின் நுனியை வேகத்தோடு எட்டினால் கழுத்து போய்விடும். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்து விடுவது எந்த நாளிலும் கூடாது.

படிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று உடல்வாரை (மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸை) பிடிக்க, மற்றவர் பின்னாலிருந்து ஒவ்வொரு பாதமாகத் தூக்கி அடுத்த படியில் வைக்கவேண்டும். இறங்குவதுதான் ஆபத்து, ஒரே தாவலில் கீழே போகப் பார்ப்பான். அதனால் கடைசி இரண்டு படியில் தொடங்கி மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். படியும் தரையும் வழுக்கினால் விரிப்பு போடுங்கள், கண்ணாடிக் கதவில் அவன் கண் உயரத்தில் நாடா ஒட்டுங்கள்.

தனியே இருப்பது அவன் வாழ்வில் நேராத ஒன்று, மெதுவாகத்தான் பழக்கமுடியும். கதவைச் சாத்திவிட்டு முப்பது விநாடியில், அவன் ஊளையிடத் தொடங்கும் முன்பே திரும்பி வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், இரண்டு, மறுபடி அரை நிமிடம், ஐந்து. போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். கூண்டில் அடைத்தால் சில நாய்கள் நிம்மதியாகத் தூங்கும். கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம் வரவைக்கும் நாயை அடைக்கக்கூடாது. துணைக்கு இருக்கட்டும் என்று பொமரேனியனை அவனோடு விட்டுப்போக வேண்டாம்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மாற்றுவதாக இருந்தால் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள், சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி வராமலே ஓங்கரித்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது இந்த இனத்துக்குச் சரியான எடை.

அனுப்பும்போது சில நாள் சரியாகச் சாப்பிடமாட்டான், வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அது உண்மை, மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டாவது வீட்டுக்குள் நுழையும்போது படி, கண்ணாடி, தொலைக்காட்சி, தனிமை எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால், வேறு குடும்பம் வந்து பார்ப்பதற்கு முன்பே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். முடிவை உங்கள் பாசத்தைக் கொண்டு எடுக்காமல் பொமரேனியனோடு அவன் எப்படி இருக்கிறான் என்பதைக் கொண்டு எடுங்கள். அனுப்புவதானால் துவைக்காத படுக்கை விரிப்பு, பத்து நாள் உணவு, வாய்க்கூடு, பட்டை ஆகியவற்றைக் கூடவே கொடுங்கள். ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்: எத்தனை மணிக்கு வெளியே போவான், எவ்வளவு நேரம் தனியே இருப்பான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், சின்ன நாயைப் பார்த்து என்ன செய்தான். முந்தாநாள் உறுமியதையும், எந்த நிலையில் உறுமினான் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.