கேபினட் ஓகே சொன்னதும் கிராம ரோட்டுக்கு காசு வந்துடுமா?

பேப்பர்ல "பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் நாலாம் கட்டத்துக்கு ஒப்புதல்"னு பார்த்துட்டு எங்க ஊருக்கு ரோடு எப்போனு கேட்டிருக்கீங்க, உடனே வராதுங்க.

2024 செப்டம்பர்ல கேபினட் ஒத்துக்கிட்டது மொத்தமா 70,125 கோடி ரூபாய், 62,500 கிலோமீட்டர், ரோடே இல்லாத 25,000 குடியிருப்பு, அதுல மத்திய அரசு பங்கு 49,087.50 கோடி, மிச்சம் மாநிலங்க போடணும். இந்தத் திட்டத்தோட முன்மொழிவு நோட் கேபினட்டுக்கு போறதுக்கு முன்னாடி, நிதி அமைச்சகத்தோட செலவினத் துறைச் செயலாளர் தலைமையில இருக்கிற செலவின நிதிக் கமிட்டி கணக்கைக் குடையும், மத்த அமைச்சகங்களும் கருத்து சொல்லும், நிஜமான இழுபறி அங்கதான்னு நான் சொல்லுவேன். கேபினட் தர்றது உச்சவரம்பு மாதிரிதான், வருஷா வருஷம் பட்ஜெட்ல அந்தச் செலவுக்கு பார்லிமென்ட் ஓட்டு போட்டு ஒதுக்கினாத்தான் காசு நகரும்.

அப்புறம் உங்க ஊர் ரோடு தனி கதை. எஞ்சினியர் பஞ்சாயத்து ஆளுங்களோட ரோடு வரப்போற தடத்துல நடந்தே போய், எங்க வளைவு, எங்க வாய்க்கால், யார் வயல் ஓரம் போகுதுன்னு எழுதணும், ஏன்னா நிலம் வாங்க இந்தத் திட்டத்துல காசே கிடையாது, மாநிலம்தான் ஏற்பாடு பண்ணணும், பல இடத்துல ஊர்க்காரங்களே விட்டுக் குடுப்பாங்க (ஒருத்தர் வரப்பை விடமாட்டேன்னா அங்கயே நிக்கும்!). அதுக்கப்புறம் திட்ட அறிக்கை, தொழில்நுட்பப் பரிசோதனை, மாநிலக் கமிட்டி, டெல்லி கமிட்டி, டெண்டர். அதனால முதல்ல உங்க குடியிருப்பு இந்தத் திட்ட லிஸ்ட்ல இருக்கானு ஒன்றிய ஆபீஸ்ல போய்க் கேளுங்க.